கீழேயிருந்து முடிவெடுங்கள்: பழைய சமையலறைக்குப் புது அலமாரி

நீங்கள் எழுதியதிலிருந்து உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் தனி வீடு, தொண்ணூறுகளில் கட்டியது. பத்தடிக்கு எட்டடி சமையலறை. மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்புகள், கதவு கிடையாது, துணித் திரை தொங்குகிறது. மேலே காங்கிரீட் பரண். இதைப் புதுப்பித்து மாடுலர் கிச்சன் போடலாம் என்று மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் கடப்பாவை முழுசாக உடைத்துவிட்டுக் கால் வைத்த பெட்டிகள் போடலாம் என்கிறார். இன்னொருவர் செங்கல்லில் பீடம் கட்டி அதன்மேல் பெட்டி வைக்கச் சொல்கிறார். மூன்றாமவர் கல்லை அப்படியே விட்டுக் கதவு மட்டும் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, எந்தப் பலகை, எந்த மாதிரிக் கதவு என்பது உங்கள் கேள்வி.

நான் தச்சுப் பட்டறையில் தொடங்கி, இருபது வருடத்துக்கு மேலாகச் சென்னையைச் சுற்றிச் சமையலறை வேலை எடுத்துச் செய்கிறவன். புதிதாகப் போட்ட சமையலறைகளைவிட, கழற்றிய சமையலறைகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. கழற்றும்போது பார்த்தால் கதவுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மைக்காவின் பளபளப்பு மங்கியிருக்கும், அவ்வளவுதான். அடிப்பலகையும் பக்கப் பலகைகளின் கீழ் நாலு அங்குலமும் மட்டும் ஊறி, உப்பி, கறுத்துக் கிடக்கும். அதிலும் சிங்க்குக்குக் கீழே இருக்கும் பெட்டியைக் கையால் பிய்த்தே எடுத்துவிடலாம். அலமாரி கெடுவது கீழேயிருந்துதான். ஆனால் கடைக்குப் போனதும் முதலில் கையில் கொடுப்பது நிறங்கள் கொண்ட அட்டையை. அதில் ஒன்றைப் பிடித்துப்போய், அந்த நிறத்துக்கு ஏற்ற கதவு, அந்தக் கதவுக்கு ஏற்ற பெட்டி என்று வந்து, கடைசியில் மிச்சமிருக்கும் பணத்தில் அடித்தளம் அமைகிறது. நீங்கள் இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் அடித்தளம், அடுத்து பெட்டி, அப்புறம் கீலும் இழுப்பறை ஓடும் சேனலும், கடைசியாகக் கதவும் நிறமும்.

நம் வீடுகளில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. மாடுலர் கிச்சன் என்ற ஏற்பாடு, தரையை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று இருக்கும் வீடுகளுக்காக உருவானது. நாம் வெள்ளிக்கிழமையானால் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். பொங்கலுக்கு முன் வீடு முழுக்கக் கழுவிவிடுவோம். மாவு கிரைண்டர் கழுவும்போது தரையில் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர் பலகையின் அடி விளிம்பில் தொட்டால் போதும், விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி பலகை மேலே இழுத்துக்கொள்ளும். விளிம்பில் ஒட்டிய டேப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பலகையின் அடிப்பக்கத்தில் பலர் டேப் ஒட்டுவதே இல்லை, கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுகிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர் பக்கம் சில வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு வருடமே ஆன சமையலறை, பார்ட்டிகிள் போர்டில், அதாவது மரத்துகளைப் பசையில் அழுத்திய பலகையில் செய்தது. தண்ணீர் வடிந்த பிறகு பக்கப் பலகைகள் பாலில் தோய்த்த ரஸ்க் மாதிரி ஆகிவிட்டன. மேலே கிரானைட் இருந்ததால் அது சரிந்துவிடாமல் இருக்க ஜாக்கி வைத்துத் தாங்கவேண்டி வந்தது. அதே தெருவில் இன்னொரு வீட்டில் உங்கள் வீடு மாதிரியே கடப்பா தடுப்பும் அலுமினியக் கதவும். சேற்றை அள்ளிப்போட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அந்த அம்மா அடுத்த வாரமே அங்கே சமைத்தார். அதைப் பார்த்ததிலிருந்து யாராவது "கடப்பாவை உடைத்துவிடலாமா" என்று கேட்டால் நான் உடனே சரி என்று சொல்வதில்லை.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் கல் நல்ல நிலையில் இருக்கிறதா என்பது. இதை நீங்களே பார்த்துவிடலாம். சாமான்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு தடுப்பையும் ஒரு நாணயத்தால் தட்டிப்பாருங்கள். கணீரென்று கேட்டால் கல் நன்றாக இருக்கிறது. டொப்பென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம், விரிசலைத் தேடுங்கள். கடப்பா ஒரு வகைச் சுண்ணாம்புக்கல், அடுக்கடுக்காக அமைந்தது. அதனால் பழசானால் ஏடு ஏடாகப் பெயரும். புளி, எலுமிச்சை பட்ட இடம் வெளுத்துப் போயிருக்கும், அது அழகுக் குறை மட்டுமே, பலத்தைக் கெடுக்காது. அடுத்து, தடுப்பு சுவரில் நுழையும் இடத்தில் சிமெண்டுப் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறதா, கல்லை அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, சிங்க்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்பு இருந்தால் பெரும்பாலும் குழாய் கசிகிறது, அல்லது அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த அலமாரி போட்டாலும் வீண்.

கல் நன்றாக இருந்தால் என் அபிப்பிராயம் தெளிவானது: வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாமவர் சொன்னபடி வெறுமனே கதவு போட்டு மூடுவதும் போதாது. கதவுக்குப் பின்னால் ஆழமான இருட்டுக் குகைதான் இருக்கும். இரண்டடி ஆழத்தில் பின்னால் வைத்த சம்படத்தை எடுக்க முன்னால் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவைத்து, முட்டிபோட்டுக் குனிய வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இது ஒவ்வொரு நாளும் வலிக்கிற வேலை. மாடுலர் கிச்சனில் உண்மையான நன்மை என்று நான் நினைப்பது இழுப்பறை ஒன்றுதான். இழுத்தால் கடைசிப் பாத்திரம்வரை கண்முன் வந்து நிற்கிறது. அதனால் கல்லையும் விடாமல், இழுப்பறையையும் விடாமல் செய்வதுதான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

அதைச் செய்யும் முறை இது. கல் தடுப்புகளின் உயரமும் அகலமும் ஒரே சீராக இருக்காது. மேலே இருபது அங்குலம் என்றால் கீழே பத்தொன்பதரை இருக்கும், கொத்தனார் கண்ணளவில் வைத்தது. இழுப்பறையின் சேனல் இதை ஏற்காது. இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் இணையாக இருந்தால்தான் ஓடும். எனவே கல்லில் நேரடியாகச் சேனலை அடிக்காமல், இரண்டு தடுப்புகளுக்கு நடுவே பக்கப் பலகை மட்டும் வைத்து, பின்னால் சிறு துண்டுகள் கொடுத்துச் சீராக நிறுத்துவோம். பலகை தரையைத் தொடாது, கீழே உள்ள கல் தட்டின் மேலிருந்தும் கால் அங்குலம் தூக்கியே இருக்கும். இதில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம் போய்விடும். சேனலுக்கான இடமும் போக, இருபது அங்குல இடைவெளியில் பதினேழு அங்குல இழுப்பறைக் கூடைதான் போகும். அந்த நஷ்டம் தாங்கக்கூடியதுதான். நடுவில் படுக்கையாக உள்ள கிடைக்கல்லை வெட்டி எடுக்க வேண்டிவரும். மேலே இருக்கும் கிரானைட்டின் எடையை நிற்கும் தடுப்புகள் தாங்குகின்றன, கிடைக்கல் பெரும்பாலும் தாங்குவதில்லை. இருந்தாலும் வெட்டும் முன் ஒரு நல்ல கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

கல் தடுப்புகளுக்கு நடுவே உள்ள எல்லா அறைக்கும் இழுப்பறை வேண்டாம். அடுப்புக்கு இடப்புறமோ வலப்புறமோ ஒன்று, சிங்க்குக்குப் பக்கத்தில் ஒன்று, மொத்தம் இரண்டு வரிசை போதும். ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு: மேலே நாலு அங்குலத்தில் கரண்டி, கத்தி, தோசைத் திருப்பி, நடுவே ஆறு அங்குலத்தில் தட்டும் டம்ளரும், அல்லது அஞ்சறைப் பெட்டியும் பருப்புச் சம்படங்களும், கீழே மிச்சமிருக்கும் உயரம் முழுக்கக் குக்கருக்கும் வாணலிக்கும். இட்லிப் பானை, அண்டா, பித்தளைக் குண்டான், முறுக்கு அச்சு எல்லாம் மற்ற அறைகளில் கல்மேலேயே இருக்கட்டும், கதவு போதும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை இழுப்பறையில் வைக்கும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சேனல்மேல் எழுதியிருக்கும் தாங்கும் எடை, பொருளை ஒழுங்காகப் பரப்பிவைத்தால் கிடைப்பது. மூட்டையைத் தொப்பென்று போட்டால் ஒரே வருடத்தில் சேனல் வளைந்துவிடும். அரிசி டிரம்முக்குக் கீழே சக்கரப் பலகை வைத்து, தரையிலேயே ஒரு அறையை விடுங்கள்.

சரி, கல் கெட்டுப் போயிருந்தால்? அப்போது உடைத்துத்தான் ஆகவேண்டும், பீடமா காலா என்ற கேள்வியும் வரும்.

கால் என்பது பிளாஸ்டிக்கில் வரும், திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பெரும்பாலும் நாலு அங்குல உயரம். முன்னால் ஒரு பட்டையைக் கிளிப்பில் மாட்டி மறைப்பார்கள். நல்ல பக்கம் என்னவென்றால் தரை மேடு பள்ளமாக இருந்தாலும் பெட்டியை மட்டம் வைத்துவிடலாம், பலகைக்கும் தரைக்கும் நடுவில் காற்று இருக்கிறது, பட்டையைக் கழற்றி உள்ளே கழுவலாம். கழற்றினால்தான். நான் பார்த்த வீடுகளில் அந்தப் பட்டையை வருடத்துக்கு ஒருமுறைகூடக் கழற்றுவதில்லை. இரண்டு மூன்று தடவை கழற்றினால் கிளிப் உடைந்துவிடும், அதற்கப்புறம் பட்டையைச் சாய்த்து வைத்திருப்பார்கள். உள்ளே கரப்பான் குடித்தனம் நடத்தும். தனி வீடு, பக்கத்தில் காலி மனை இருந்தால் எலியும் வரும். அடுக்குமாடியில் நாலாவது மாடி, தரையைத் துடைப்பதோடு சரி என்றால் காலே சரியான தேர்வு. உங்களுடையது தரைத்தளத் தனி வீடு. நான் பீடத்தின் பக்கம்தான் நிற்பேன்.

பீடத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செங்கல் வைத்து நாலிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்தி, உள்ளே ஜல்லிக் கலவை போட்டு நிரப்பி, மேலே கிரானைட் அல்லது டைல்ஸ் பதிக்க வேண்டும். வெறும் சிமெண்டுப் பூச்சோடு விட்டால் சிமெண்டே ஈரத்தை உறிஞ்சிப் பலகைக்குக் கொடுக்கும். முன் முகத்துக்கும் கிரானைட் பட்டை, தரையோடு சேரும் இடத்தில் எபாக்சி கிரவுட், அதாவது தண்ணீர் புகாத இடுக்குப் பூச்சு. பீடத்தின் முகம் அலமாரிக் கதவைவிட மூன்று அங்குலம் உள்ளே தள்ளி இருக்கட்டும். அப்போதுதான் நிற்கும்போது கால்விரல்கள் உள்ளே போகும், முதுகு வளையாது. பல கொத்தனார்கள் பீடத்தைக் கதவுக்குச் சமமாகக் கட்டிவிடுவார்கள், பழைய வழக்கம். வேலை தொடங்கும் முன்பே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் மேடையை ஒட்டி நின்று பார்த்தால் இதன் அருமை தெரியும்.

சிங்க் அறைக்கு மட்டும் வேறு மாதிரி. அங்கே பீடத்தின் மேல் போடும் கிரானைட்டைக் கால் அங்குலம் முன்பக்கம் சரிவாக வைக்கச் சொல்லுங்கள். குழாய் கசிந்தால் தண்ணீர் உள்ளே தேங்காமல் முன்னால் வழிந்து உங்கள் காலடியில் வந்து நிற்கும், அன்றைக்கே தெரிந்துவிடும். மட்டமாக இருந்தால் ஆறு மாதம் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அந்த அறைக்கு அடிப்பலகையும் வேண்டாம், பின்பலகையும் வேண்டாம். கதவும் பக்கங்களும் போதும். கழிவுக் குழாயின் வளைவைக் கழற்றக் கை போகும் இடம் விடவேண்டும். கிரானைட் மேடையின் முன் விளிம்புக்கு அடியில் ஒரு சிறு பள்ளக்கோடு வெட்டச் சொல்லுங்கள், வெளியே ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் விடுவார்களே, அதே மாதிரி. மேடையிலிருந்து வழியும் தண்ணீர் கதவின் தலையில் இறங்காமல் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும். ஒரு மணி நேர வேலைதான். சிங்க் பக்கத்துக் கதவின் ஆயுளையே இது கூட்டுகிறது.

சிலிண்டர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் சிலிண்டரை வைத்து அழகாக மூடுவது ஆபத்து. அந்த அறையின் கதவில் அடியிலும் மேலேயும் காற்றோட்டத் துளைகள் வேண்டும், அடியில் இருப்பது மிக முக்கியம். ஜாலிக் கதவு போட்டால் இன்னும் நல்லது. பதினாலு கிலோ சொச்சம் எரிவாயுவும் இரும்பின் எடையும் சேர்த்து நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ வரும். அதைப் பலகைமேல் வைக்கக் கூடாது. அந்த அறைக்குப் பீடமும் கூடாது, தரையிலேயே நிற்கட்டும், இழுத்து மாற்றுகிறவர் இடுப்பும் தப்பும். படுக்கவைத்துப் பயன்படுத்தவே கூடாது. ரெகுலேட்டர் மாட்டிய நிலையில் உங்கள் சிலிண்டரின் உயரத்தை அளந்து, கை நுழைந்து வால்வைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் குழாயை இழுப்பறைகளுக்குப் பின்னால் கொண்டுபோகும் திட்டம் இருந்தால் வேண்டாம், இழுக்கும்போதெல்லாம் உரசும். வெளியே வைத்துச் செம்புக் குழாயில் கொண்டுவர விரும்பினால் கேஸ் ஏஜென்சியில் கேட்டு அவர்கள் ஆளை வைத்தே செய்யுங்கள்.

இப்போது பலகைக்கு வருவோம். கீழே உள்ள பெட்டிகளுக்கு நான் போடுவது 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் பலகையிலேயே அச்சிட்டிருக்கும். கொதிநீரில் 72 மணி நேரம் வைத்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. கடைக்காரர் எல்லாவற்றையும் "வாட்டர் ப்ரூஃப்" என்றுதான் சொல்வார். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். இன்னும் சந்தேகம் இருந்தால் உள்ளங்கை அளவுத் துண்டு வாங்கி வந்து பழைய பாத்திரத்தில் அரைநாள் கொதிக்கவிடுங்கள். அடுக்கு பிரிந்தால் அது மரைன் இல்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: மரைன் என்றால் ஒட்டுதான் தண்ணீருக்குத் தாங்குகிறது. உள்ளே இருப்பது மரம்தான், மாதக்கணக்கில் ஈரத்தில் நின்றால் அதுவும் மக்கும். பீடம் வேண்டும் என்று இவ்வளவு நேரம் நான் சொன்னதற்கு அதுவும் காரணம்.

பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திச் செய்த சாதாரண எம்டிஎஃப் இரண்டும் மேடைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். விலைப்பட்டியலில் "பிரீலாம்" (மேல் தாள் ஒட்டியே வரும் பலகை) என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே என்ன பலகை என்று கேளுங்கள், பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டாக இருக்கும். இப்போது எல்லோரும் சொல்கிற ஹெச்டிஹெச்எம்ஆர், அதாவது மரநாரை அடர்த்தியாக அழுத்தி ஈரம் தாங்கச் செய்தது, நல்ல பலகைதான், கனமானது, வளையாது, கதவுக்கு மிகப் பொருத்தம். சமையலறை ஈரக்காற்றைத் தாங்கும். ஆனால் தேங்கிய தண்ணீரில் நிற்பது வேறு, அதற்கு அதை நம்பமாட்டேன். டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது), பிவிசி பலகைகளில் தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது. சிங்க் அறைப் பக்கங்களுக்கு அருமையாக இருக்கும். நீளமான தட்டுக்குப் போட்டால் நடுவில் தொய்யும், திருகாணி பிடிப்பும் குறைவு. ஒரே கீலை இரண்டு முறை கழற்றி மாட்டினால் ஓட்டை பெரிதாகிவிடும். அடுப்பை ஒட்டிய இடத்தில் சூட்டுக்கு இளகும். அலுமினியத்தில் முழுசாகச் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். கரையான் தொல்லை அதிகமுள்ள வீட்டுக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன், தட்டினால் தகரச் சத்தம் வரும், அது பழகிவிடும்.

கரையான் என்றதும் இன்னொன்று. தொண்ணூறுகளில் கட்டிய வீடு என்கிறீர்கள். பீடம் கட்டும் முன்பே சுவரும் தரையும் சேரும் விளிம்பில் துளை போட்டு மருந்து செலுத்திவிடுங்கள். அலமாரி போட்ட பிறகு அந்த இடத்தை எட்டவே முடியாது.

கீலும் சேனலும் தெரிந்த நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும், எப்கோ, ஹெட்டிச், ஹஃபேலே என்று எது கிடைத்தாலும் சரி. தானாக மெதுவாக மூடும் வசதி இழுப்பறைக்கு வாங்குங்கள், கதவுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கம்பிக்கூடைக்கு 304 என்ற தரத்துத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று சிலர் காட்டுவார்கள், மலிவான 202-ம் காந்தத்தில் ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குவதுதான் வழி. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தாலோ கடலோரமாக இருந்தாலோ 202 ஒரு வருடத்தில் துருப்புள்ளி வைத்துவிடும்.

கதவுக்கு வந்துவிட்டோம். எனக்குப் பிடித்தது ஒரு மில்லிமீட்டர் மைக்கா, பளபளப்பில்லாத மேட் அல்லது லேசான சொரசொரப்பு, நடுத்தர நிறம். சந்தன நிறம், சாம்பல், இளம் பச்சை, மர நிறம் எதுவானாலும் சரி. நாம் தினம் தாளிக்கிறோம், வாரம் ஒருமுறையாவது பொரிக்கிறோம், காலையில் இட்லி ஆவி. இந்த மூன்றையும் நினைத்துக் கதவைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய பிவிசி தாள் ஒட்டிய மெம்ப்ரேன் கதவு புதிதில் வழுவழுவென்று அழகாக இருக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டிலும் ஆவியிலும் ஓரம் உரியும், வெள்ளையாக இருந்தால் மஞ்சளாகும். அக்ரிலிக் கண்ணாடி மாதிரி மின்னும், சபீனா போட்டுத் தேய்க்கிற கை பட்டால் கீறல் விழும். பியூ பெயிண்ட், அதாவது பாலியூரித்தேன் பூச்சு, உண்மையிலேயே அழகு, ஆனால் குக்கர் மூடி மோதிப் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம். கடைந்த வேலைப்பாடு, சட்டம் வைத்த கதவு, அதாவது பழைய பங்களாக்களில் இருப்பது போன்றது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆசையை விட வேண்டாம், கூடத்தைப் பார்த்த பக்கத்திலும் அடுப்புக்குத் தொலைவில் உள்ள மேல் அலமாரியிலும் அதைப் போடுங்கள். அடுப்புக்குக் கீழே இருக்கும் கதவுகள் வெறுமையாக இருக்கட்டும். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் பொருந்தித்தான் தெரியும்.

கைப்பிடி இல்லாத கதவுகள் இப்போது நிறைய. விளிம்பில் விரல் நுழைக்கும் பள்ளம் இருக்கும், மாவுக்கையோடு திறந்தால் அங்கேதான் மாவு காயும். நல்ல எஃகுக் கைப்பிடி, நுனி வளைந்து உள்ளே திரும்பியதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் சேலைத் தலைப்பு மாட்டும்.

எல்லாக் கதவு ஓரத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் டேப், இயந்திரத்தில் ஒட்டியது. பெட்டிப் பலகையின் நாலு ஓரத்துக்கும் டேப் வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ஓரத்துக்கும் சேர்த்து. இதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து செய்கிற ஆசாரி கையால் ஒட்டும் டேப் ஈர இடத்தில் சீக்கிரம் விடும். நம்பிக்கையான ஆசாரி கிடைத்தால், பலகையை வெட்டி டேப் ஒட்டும் வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்து, வீட்டில் வந்து பூட்டச் சொல்லலாம். உங்கள் மாதிரிக் கோணலான கல் தடுப்புகளுக்கு நடுவே வேலை செய்ய, தொழிற்சாலை அளவுகளோடு வரும் ஆட்களைவிட வீட்டுக்கு வந்து அளந்து இழைக்கும் ஆசாரியே தோது.

உயரத்தில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தரைக்கும் புது டைல்ஸ் போடுகிறீர்கள் இல்லையா? பழைய தரைமேலேயே பசை வைத்து ஒட்டினால் முக்கால் அங்குலம் போல் தரை உயரும், கலவை போட்டுப் பதித்தால் இரண்டு அங்குலம். மேடை அப்படியே இருந்தால் அந்த அளவு தாழ்ந்துவிடும். ஏற்கெனவே முப்பத்தோரு அங்குலம் என்றால் இருபத்தொன்பதுக்கு வந்து நிற்கும், பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் முதுகு விட்டுப்போகும். சமைக்கிறவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே மேடை இருப்பது சௌகரியம். ஐந்தடி ஓரங்குல உயரமுள்ளவருக்கு அது முப்பத்துமூன்று அங்குலம் அளவில் வரும். தரை உயர்வதால் மேடை தாழ்ந்துபோகும் என்றால், கல்லை வைத்துக்கொள்ளும் திட்டத்தையே மறுபடி யோசிக்க வேண்டும், அல்லது சமையலறையில் மட்டும் பழைய தரையைப் பெயர்த்துப் போட வேண்டும். பெயர்ப்பதுதான் என் சிபாரிசு.

மேல் அலமாரிகளில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் படாத இடம், ஹெச்டிஹெச்எம்ஆர் தாராளமாகப் போடலாம். பன்னிரண்டு பதின்மூன்று அங்குல ஆழம் போதும், மேடையிலிருந்து இரண்டடி இடைவெளி. அடுப்புக்கு நேர் மேலே சிம்னி தவிர வேறெதுவும் வேண்டாம். காங்கிரீட் பரண் இருப்பதால் அதற்கு இலேசான கதவு போட்டு மூடினால் ஆயிற்று.

விலைப்பட்டியலை ஒப்பிடும்போது ஒரு குழப்பம் வரும். ஒருவர் கதவின் பரப்பை மட்டும் சதுர அடிக் கணக்கில் எடுப்பார். இன்னொருவர் நீள அடிக் கணக்கில் சொல்வார். ஒருவர் விலையில் கூடையும் சேனலும் சேர்ந்திருக்கும், இன்னொருவர் அதைக் கடைசியில் தனியாகச் சேர்ப்பார். மூவரிடமும் உங்கள் சமையலறை முழுவதற்கும் ஒரே தொகையாகக் கேளுங்கள். பலகையின் தர எண், தடிமன், சேனல் நிறுவனம், எத்தனை இழுப்பறை, பீடமும் கிரானைட்டும் யார் பொறுப்பு என்று எழுதிவாங்கிய பிறகு பார்த்தால், மலிவாகத் தெரிந்தவர் மலிவாக இருக்கமாட்டார்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: கசிவும் குளியலறைச் சுவர் ஈரமும் முதலில், அடுத்து கரையான் மருந்து, குழாய், மின்சாரம். கிரைண்டர், மிக்ஸி, ஓவன் எங்கே வரும் என்று முடிவுசெய்து பிளக்குக்கு இடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் பீடம், தரை, கிரானைட். இவை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு அளவு எடுக்க வேண்டும். முன்பே எடுத்த அளவில் பெட்டி செய்து கொண்டுவந்தால் கட்டாயம் எங்காவது இடிக்கும்.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது, நாணயத்தால் கல்லைத் தட்டிப் பார்ப்பதும், சிங்க் சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும், உங்கள் பெரிய இட்லிப் பானையையும் குக்கரையும் மூடியோடு சேர்த்து உயரம் அளப்பதும். அந்த மூன்றும், இப்போதைய மேடை உயரமும் தெரிந்தால் எந்தெந்த அறைக்கு இழுப்பறை வைக்கலாம் என்று என்னால் தாளில் போட்டே சொல்ல முடியும்.